டிஸ்க் கோல்ஃப்: எறியும் தூரத்தை அளப்பதும் கூட்டுவதும்

தட்டையான வட்டை எறிந்து, தொலைவில் உள்ள கூடையில் விழச்செய்யும் ஆட்டமான டிஸ்க் கோல்ஃப் ஆடும் ஒருவரிடம் எவ்வளவு தூரம் எறிகிறீர்கள் என்று கேட்டால், அவர் சொல்லும் எண் பெரும்பாலும் என்றோ ஒரு நாள் காற்று வாகாக வீசியபோது எறிந்து, கண்ணளவில் மதிப்பிட்ட ஓர் எறிதலின் எண்ணாகவே இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த வட்டை எடுப்பது என்றும் முடிவு செய்ய முடியாது; எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அறிய முடியாது. தூரத்தைக் கூட்ட விரும்புகிறவர் முதலில் இரண்டு எண்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, தம்முடைய வட்டு வழக்கமாகச் சென்று விழும் தூரம். மற்றொன்று, அது கையை விட்டுக் கிளம்பும் வேகம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குறை கைவேகத்தில் இருக்கிறதா, வட்டு கிளம்பும் கோணத்தில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதை அறியாமல் மாதக்கணக்கில் தோள் வலிக்க எறிந்து, பிறகு தமக்கு உடல்வலு போதாது என்று ஆட்டத்தையே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவர்களில் பலருக்குக் குறை வலுவில் இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வாழும் நமக்கு, கூடைகள் நட்ட முறையான மைதானம் வீட்டுக்கு அருகில் இல்லை என்பது தூரப் பயிற்சிக்கு ஒரு தடையே அல்ல. தூரத்தை அளக்கக் கூடை வேண்டியதில்லை; ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு திறந்த வெளி இருந்தால் போதும். தோட்டத்துப் பந்துத் திடலோ, அனுமதி பெற்றால் தமிழ்ப்பள்ளித் திடலோ இதற்குப் பொருத்தமான இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில், பந்தாட்டக்காரர்கள் வருவதற்கு முன்பு, அந்தத் திடல் ஏறத்தாழ உங்களுக்கே உரியது.

திடலில் நீளத்தைக் குறித்தல்

பந்துத் திடல் நூறு மீட்டர்தானே என்று எண்ணி அளக்காமல் விடுவது முதல் பிழை. கால்பந்து விதிகளே திடலின் நீளம் 90 மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை இருக்கலாம் என்று இடம் கொடுக்கின்றன. தோட்டத்துத் திடல்களோ கிடைத்த நிலத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. விதிப்படி மாறாதவை சில உண்டு: கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலம் 7.32 மீட்டர், பெனால்டி புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீட்டர், பெனால்டி கட்டத்தின் ஆழம் 16.5 மீட்டர். ஆயினும் சுண்ணாம்புக் கோடுகளைப் போட்டவர்கள் எந்த அளவில் போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. எனவே வன்பொருள் கடையில் கிடைக்கும் 50 மீட்டர் அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. அதைப் போன்ற பயனுள்ள செலவு இந்த ஆட்டத்தில் வேறொன்று இல்லை. இன்னொரு புதிய வட்டு தருவதைவிட அது அதிகம் தரும்.

நாடாவைத் திடலின் நீளவாக்கில் இழுத்து, எறியும் இடத்தைத் தொடக்கமாக வைத்து, 40 மீட்டரிலிருந்து பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு குச்சியை ஓரக்கோட்டின் மேல் நட வேண்டும். நாடா கிடைக்காவிட்டால், தோட்டத்தில் மறுநடவின்போது நேர் பிடித்த பெரியவர்கள் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். எங்கள் திடலில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு அளந்துகொண்டிருந்தபோது, அப்படி ஒருவர் அருகே வந்து, "தம்பி, கயித்த நம்பாத, இழுத்தா நீளும். கம்பியில அடையாளம் போட்டுக்க" என்றார். பிறகு வீட்டிலிருந்து ஒரு சுருள் கம்பியைக் கொண்டுவந்து, அதில் சாயத் துணியை இடைவெளி விட்டுக் கட்டி, இரு முனைகளையும் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கும் முறையைக் காட்டினார். செம்பனைக் கன்றுகளை வரிசை தவறாமல் நட்ட அந்தக் கைப்பழக்கம், ஒரு வட்டின் தூரத்தை அளப்பதற்கும் அப்படியே பொருந்துகிறது.

செம்பனை மரங்களே ஓர் அளவுகோலாகவும் உதவும். அவை முக்கோண முறையில், ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே பொதுவாக ஏறத்தாழ 9 மீட்டர் இருக்கும்படி நடப்படுகின்றன. அந்தக் கணக்கில் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள செங்குத்து இடைவெளி 7.8 மீட்டர் ஆகும். திடலை ஒட்டி ஒரு செம்பனை வரிசை ஓடினால், ஒரே ஒரு முறை பத்து மர இடைவெளிகளை நாடாவால் அளந்து பத்தால் வகுத்து வைத்துக்கொண்டால், அதன்பின் எந்தக் கருவியும் இன்றி மரங்களை எண்ணியே தூரத்தைச் சொல்லலாம். நிலத்தின் தன்மைக்கு ஏற்ப இடைவெளி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால், அளக்காமல் ஒன்பது என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலம் எறிதலை அளக்கும் வசதி யுடிஸ்க் போன்ற செயலிகளில் உள்ளது. வசதியானதுதான், ஆனால் திறந்த வானத்தின் கீழும் சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் வரை இடம் தவறிக் காட்டக்கூடும். 120 மீட்டர் எறிகிறவருக்கு அது பெரிதன்று. 60 மீட்டர் எறிகிறவருக்கு, அது ஒரு மாதப் பயிற்சியின் முழுப் பலனையும் மறைத்துவிடக்கூடிய அளவு. மரங்களின் ஓரத்தில் நின்றால் பிழை இன்னும் கூடும். ஆகையால் ஜிபிஎஸ்ஸை ஆட்டத்தின்போது பயன்படுத்துங்கள். பயிற்சியின் முன்னேற்றத்தை அறிய நாடாவையும் குச்சிகளையும் நம்புங்கள். கைவசம் எதுவும் இல்லாதபோது காலடிக் கணக்கு உதவும்: அளந்த 100 மீட்டரை இயல்பான நடையில் நடந்து, காலடிகளை எண்ணி, நூறை அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் ஓரடியின் நீளம் கிடைக்கும். 132 அடிகள் எடுத்தவருக்கு அது 0.76 மீட்டர்.

எதை எண்ணுவது, எதை விடுவது

வட்டு முதலில் தரையைத் தொட்ட இடமா, சறுக்கி நின்ற இடமா என்ற கேள்வி உடனே எழும். ஆட்டத்தில் அடுத்த எறிதல் வட்டு நின்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், நின்ற இடத்தையே எழுதிக்கொள்ளலாம். ஆனால் காய்ந்து இறுகிய தரையில் வட்டு நெடுந்தூரம் சறுக்கும், பனி படிந்த நீண்ட புல்லில் விழுந்த இடத்திலேயே நிற்கும். எனவே எந்தத் தரையில், எந்த நிலையில் அளந்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் ஒரு சொல்லாவது எழுதி வைப்பது அவசியம்.

பக்கவாட்டில் விலகிய வட்டுக்கு நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடுவதில் பலர் தேவையின்றிக் குழம்புகிறார்கள். வட்டு நீளவாக்கில் 80 மீட்டர் சென்று, 15 மீட்டர் இடப்புறம் விலகியிருந்தால், எறிந்த இடத்திலிருந்து அதன் நேர்த்தூரம் ஏறத்தாழ 81.4 மீட்டர்தான். அந்த ஒன்றரை மீட்டரைத் தேடி நாடாவைக் குறுக்கே இழுப்பதைவிட, ஓரக்கோட்டுக் குச்சியை வைத்து 80 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் "இடம் 15" என்று சேர்த்துக்கொள்வது நல்லது. விலகிய அளவு உங்கள் எறிதலைப் பற்றி அதிகம் சொல்லும் எண்; அதை நேர்த்தூரத்துக்குள் கரைத்துவிடக் கூடாது.

இனி முக்கியமான விதி. ஒரே வட்டு வகையால் பத்து முறை எறிந்து, பத்தையும் எழுத வேண்டும்; கை நழுவியது, கால் வழுக்கியது என்று ஒன்றையும் தள்ளக் கூடாது. ஐந்தை ஒரு முனையிலிருந்து எறிந்து, அவற்றைப் பொறுக்கிக்கொண்டு, மற்ற ஐந்தை எதிர்முனையிலிருந்து எறிந்தால், காற்றின் பாதிப்பு பெருமளவு சமன்பட்டுவிடும். எடுத்துக்காட்டாக, ஒருவருடைய பத்து எறிதல்கள் ஏறுவரிசையில் 58, 61, 63, 64, 66, 66, 67, 69, 71, 78 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் எண் 66, சராசரியும் 66.3. இவர் 66 மீட்டர் எறிகிறவர். 78 என்பது மகிழ்ச்சி தரும் எண்தான், தனியே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 75 மீட்டர் அகலமுள்ள குட்டையைத் தாண்ட வேண்டிய இடத்தில் அந்த எண்ணை நம்பி எறிந்தால் வட்டு தண்ணீருக்குள்தான் போகும்.

உலகச் சாதனைகளோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோகவும் கூடாது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள பிரிம் என்னும் இடத்தில் டேவிட் விக்கின்ஸ் 338 மீட்டர் எறிந்தார். அதே ஆண்டில் அங்கேயே ஜெனிஃபர் ஆலன் 173 மீட்டருக்குச் சற்று மேல் எறிந்து பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். அந்த எறிதல்கள் பலத்த காற்றைத் தேடிச் சென்று, அந்தக் காற்றைப் பயன்படுத்தி எறியப்பட்டவை. காற்றற்ற காலையில் தோட்டத்துத் திடலில் எறிந்த 80 மீட்டரை அவற்றின் பக்கத்தில் வைப்பதில் பொருள் இல்லை.

வேகத்தைக் கைப்பேசியால் அளத்தல்

வட்டின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணர்கருவி பதித்த வட்டுகளும், போலீசார் பயன்படுத்துவது போன்ற ரேடார் கருவிகளும் விற்பனைக்கு உண்டு. ஆனால் அவற்றின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொளி வசதி உள்ள கைப்பேசி ஒன்று இருந்தால், போதுமான துல்லியத்தோடு நாமே கண்டுகொள்ளலாம். எறியும் இடத்துக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மூங்கில் குச்சியையும், அதிலிருந்து சரியாக 6 மீட்டர் தள்ளி இன்னொன்றையும் நட வேண்டும். வட்டு அவ்விரு குச்சிகளின் நேரே, அவற்றின் தலைக்கு மேலே செல்ல வேண்டும். அந்த ஆறு மீட்டரின் நடுப்புள்ளிக்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு மீட்டர் பக்கவாட்டில் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, இரு குச்சிகளும் படத்துக்குள் வருமாறு வைத்துப் பதிவு செய்யுங்கள்.

பிறகு காணொளியை ஒவ்வொரு படமாக நகர்த்தி, வட்டின் முன்விளிம்பு முதல் குச்சிக்கு நேர்மேலே வருவதிலிருந்து இரண்டாவது குச்சிக்கு நேர்மேலே வரும்வரை எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். 60 படங்கள் வந்தால், அறுபதை 240ஆல் வகுக்கக் கிடைப்பது கால் நொடி. கால் நொடியில் 6 மீட்டர் என்றால் நொடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்கு 86 கிலோமீட்டர். ஒரு படம் கூடக்குறைய எண்ணினாலும் பிழை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனால் வட்டு குச்சிகளின் கோட்டை விட்டு ஒரு மீட்டர் கைப்பேசியின் பக்கமாக விலகிப் பறந்தால், உண்மையில் அது 5.5 மீட்டர் மட்டுமே கடந்திருக்கும்; வேகத்தை எட்டு விழுக்காட்டுக்கு மேல் கூட்டிக் காட்டும். அப்படி விலகிய எறிதல்களை வேகக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். இங்கே நீக்குவது நியாயம். ஏனெனில் பிழை எறிதலில் இல்லை, அளவையில் இருக்கிறது.

இப்போது இரு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். சரியான கோணத்தில், காற்றில்லாத சமதரையில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் வட்டு ஏறத்தாழ 60 மீட்டரும், 80 கிலோமீட்டரில் 90 மீட்டரும், 97 கிலோமீட்டரில் 120 மீட்டரும் செல்லும் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 66 மீட்டர் எறிகிறவருக்கு வேகம் 86 கிலோமீட்டர் என்று வந்தால், அவருக்கு வேண்டியது தசைவலு அன்று. கோணத்தைத் திருத்தினாலே இருபது மீட்டருக்கும் மேல் கிடைக்க வழியுண்டு. மாறாக வேகம் 66 கிலோமீட்டர் என்று வந்தால், அவர் தம் வேகத்துக்கு உரிய தூரத்தை ஏற்கெனவே எட்டிவிட்டார். இனி வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

முதலில் கோணம்

தொடக்க நிலையில் உள்ளவர்கள் தூரத்தை இழப்பதற்கு முதன்மைக் காரணம் வட்டின் மூக்கு, அதாவது அதன் முன்விளிம்பு, செல்லும் பாதையைவிட மேல்நோக்கி நிமிர்ந்திருப்பதே. அப்படிக் கிளம்பும் வட்டு விரைவாக உயரும், உச்சியில் வேகமிழந்து தொங்கும், பிறகு வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை உடலின் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக வீசி, எறிகிறவருக்கு இடப்புறமாகச் சரிந்து விழும். பக்கவாட்டுக் காணொளியில் இதை நேரே காணலாம்: ஒரு படத்தில் நிறுத்தி, வட்டின் தளம் திரையில் எந்தச் சாய்வில் தெரிகிறது என்பதை ஒரு காகித விளிம்பை வைத்துப் பாருங்கள், பிறகு வட்டு படத்துக்குப் படம் நகரும் பாதையின் சாய்வைப் பாருங்கள். தளத்தின் சாய்வு பாதையின் சாய்வைவிடக் கூடுதலாக இருந்தால் மூக்கு நிமிர்ந்திருக்கிறது.

இதைத் திருத்தும் இடம் மணிக்கட்டு. குவளையிலிருந்து தேநீரைச் சாய்த்து ஊற்றும்போது கட்டைவிரல் பக்கம் முன்னும் கீழுமாக இறங்குகிறதல்லவா, அந்த நிலையில் மணிக்கட்டை வைத்து வட்டைப் பிடித்து, வட்டைப் பின்னாலிருந்து முன்னே கொண்டுவரும் இழுப்பு முழுவதும் அது மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் வட்டின் மேற்பரப்பை உறுதியாக அழுத்த வேண்டும். அது தளர்ந்தால் காற்று முன்விளிம்பைத் தூக்கிவிடும். உயரம் வேண்டும் என்று எண்ணிக் கையை மட்டும் மேல்நோக்கி வீசுவது மூக்கை நிமிர்த்துவதில்தான் முடியும். உயரத்தை உடலின் சாய்வால் பெற வேண்டும்: தோள்களும் கை செல்லும் தளமும் சேர்ந்து சற்று மேல்நோக்கிச் சாய, மணிக்கட்டு மட்டும் இறங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்றால், தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 70 மீட்டர் எறிகிறவருக்கு அது, 2.44 மீட்டர் உயரமுள்ள கோலை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்.

இந்தப் பயிற்சிக்கு, நெடுந்தூரம் எறிவதற்கான டிரைவர் வட்டைவிட, கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான மழுங்கிய விளிம்புள்ள பட்டர் வட்டே சிறந்த ஆசான். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் போன்ற ஒரு பட்டரை முழு இழுப்பில் எறிந்து, அது தொங்காமல், ஆடாமல் நேராகச் சென்று மெல்ல இறங்குமானால், கோணம் சரி. டிரைவரின் கூர்விளிம்பு பல குறைகளை வேகத்தால் மறைத்துவிடும், பட்டர் மறைக்காது. பயிற்சியில் பாதி எறிதல்களையாவது பட்டராலும், இடைத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் வட்டாலும் எறிய வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிறகு வேகம்

வேகம் கையில் பிறப்பதில்லை. தரையில் பிறந்து, கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக ஏறி வட்டுக்கு வருகிறது. அந்த வரிசை எங்கே அறுந்தாலும் மிச்சத்தைக் கைத்தசை ஈடுகட்ட முயலும். தோளும் முழங்கையும் வலிப்பது அதனால்தான். வலக்கைக்காரருக்கு வலது கால்தான் முன்கால். வட்டு முன்னோக்கி வருவதற்கு முன்பே அந்தக் கால் தரையில் உறுதியாக ஊன்றி, உடல் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டும். உடலின் முன்னோட்டம் அங்கே தடைபடுவதால்தான் இடுப்பு சட்டெனத் திரும்புகிறது. அந்தத் திருப்பம்தான் தோளையும் கையையும் வீசுகிறது. ஊன்றல் தாமதமானால் எவ்வளவு விரைவாக ஓடிவந்தாலும் அந்த ஓட்டம் வட்டுக்குப் போய்ச் சேராது.

இழுப்பின் பாதையிலும் ஒரு பொதுக்குறை உண்டு. கையைப் பின்னால் நீட்டிய நிலையிலிருந்து வட்டு மார்பை ஒட்டி நேர்கோட்டில் வர வேண்டும். பலருக்கு அது உடலைச் சுற்றி வளைந்து வருகிறது. மேற்கை மார்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கை முன்னே போக இடமில்லாமல் நின்றுவிடுவதே இதற்குக் காரணம். முழங்கை முன்னே சென்று, வட்டு வலது மார்பின் அருகே வந்து, அங்கிருந்து முன்கை கதவு திறப்பதைப் போல் விரிய வேண்டும். இதைத் தனியே பழக, பின்னால் நீட்டாமல் வட்டை வலது மார்பருகே வைத்தே தொடங்கி, முன்கையை மட்டும் விரித்து எறிந்து பாருங்கள். அவ்வளவு குறுகிய வீச்சிலேயே வட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அடுத்த படி, நின்ற நிலையில் முழு இழுப்பு. அதற்கடுத்து ஒரே ஓர் அடி எடுத்து எறிதல். கடைசியாகத்தான் குறுக்கடி, அதாவது வலது, பின்னால் குறுக்கே செல்லும் இடது, ஊன்றும் வலது என்னும் மூன்றடி ஓட்டம். நின்ற நிலையின் நடு எண்ணையும் ஓட்டத்தோடு எறிந்த நடு எண்ணையும் தனித்தனியே எழுதி வாருங்கள். ஓட்டம் பொதுவாகப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை சேர்க்கும். நின்று எறிந்தால் 60, ஓடிவந்து எறிந்தால் 61 என்று இருந்தால், உங்கள் கால்கள் உங்களுக்கு உதவவில்லை. ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து ஊன்றலைச் சரிசெய்யுங்கள். கடைசி அடியைத் தவிர மற்றவை மெதுநடையாக இருந்தாலே போதும்.

ஃபோர்ஹேண்ட் முறையில், அதாவது உள்ளங்கை முன்னோக்க எறியும் கையின் பக்கத்திலிருந்தே வீசி, எறிகிறவர்களுக்கும் அளக்கும் முறை இதுவே. ஆனால் அதில் முழங்கையின் உட்புறத்துக்குச் சுமை அதிகம் என்பதால் முழுவேக எறிதல்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வட்டும் வானிலையும்

வட்டின் மேல் அச்சிட்ட நான்கு எண்களும் முறையே வேகம், மிதவை, தொடக்கத் திருப்பம், இறுதிச் சரிவு ஆகியவற்றைக் குறிக்கின்றன. 12 அல்லது 13 என்ற வேக எண் கொண்ட டிரைவரை வாங்கினால் தூரம் தானே வரும் என்று நம்புவது வீண். அந்த எண் வட்டு தருகிற வேகம் அன்று, அது சரியாகப் பறக்க நீங்கள் தர வேண்டிய வேகம். நடு எண் 80 மீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கு 6, 5, -2, 1 என்ற எண்களைக் கொண்ட லெப்பர்ட் போன்ற, வேக எண் குறைந்த ஃபேர்வே டிரைவர், எடை 150 முதல் 165 கிராமுக்குள், 12, 5, -1, 3 என்ற எண்களுடைய டெஸ்ட்ராயர் என்னும் டிரைவரைவிடப் பெரும்பாலும் அதிகத் தூரம் போகும். ஒரு சோதனை உண்டு: மிட்ரேஞ்ச் வட்டும் டிரைவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன என்றால், அந்த டிரைவருக்கு வேண்டிய வேகம் உங்களிடம் இன்னும் வரவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பச்சையைத் தவிர்த்து, இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ வாங்குங்கள். செம்பனை மட்டைக் குவியலுக்குள் வட்டைத் தேடும்போது அதன் அருமை தெரியும். அந்தக் குவியல்களில் முள்ளும் இருக்கும், எலியைத் தேடி வரும் பாம்பும் இருக்கும். கையை நேரே விடாமல் குச்சியால் கிளறிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

நம் நாட்டு வெப்பத்தில் பிடி நழுவுவது தூரத்தைக் கெடுக்கும் பெரிய காரணம். உள்ளங்கை வியர்த்தால் கை அறியாமலே வட்டை இறுக்கிப் பிடிக்கும். முன்கை இறுகினால் மணிக்கட்டின் சொடுக்கு போய்விடும். துண்டு இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றை வட்டுக்கும் மற்றொன்றைக் கைக்கும் பயன்படுத்துங்கள். எதிர்க்காற்றில் வட்டு தொடக்கத்தில் கூடுதலாகத் திரும்பும், உயரவும் செய்யும். பின்காற்றில் மிதவை குறைந்து, சரிவு முந்திக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ள கேமரன் மலைக்குச் சென்று எறிந்தால், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அதே வட்டு குறைவாகத் திரும்பி விரைவில் சரியும். அங்கே எடுத்த எண்களைத் திடலின் எண்களோடு கலக்கக் கூடாது. பிற்பகலில் இடி கேட்டால் உடனே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை திரும்பி வரக் கூடாது. திறந்த திடலில் மரத்தடி பாதுகாப்பான இடம் அன்று.

முழுவேகத்தில் எறிவது ஒரு நாளில் முப்பது, நாற்பதுக்கு மேல் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் போதும். முதல் பத்தைப் பாதி வேகத்தில் எறிந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முழங்கையில் குத்தும் வலி தோன்றினால் அன்றைய எறிதலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். திடலின் குறுக்கே மோட்டார் சைக்கிளோ பள்ளிப் பிள்ளைகளோ வருவது தெரிந்தால், அவர்கள் முழுவதும் கடந்து போகும்வரை கையிலிருப்பதை எறியாதீர்கள். டிரைவரின் விளிம்பு நெற்றியைக் கிழிக்கக்கூடியது.

பத்து எறிதல் அளவையை வாரந்தோறும் செய்ய வேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே திடல், அதே வட்டு, காற்று அடங்கிய அதே காலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரே ஒரு குறையை மட்டும் திருத்த முயலுங்கள். மணிக்கட்டையும் ஊன்றலையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். நடு எண் 66இலிருந்து 67ஆக மாறியிருந்தால் அதை முன்னேற்றம் என்று கொள்ள வேண்டாம். பத்து எறிதல்களின் இயல்பான ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும். 66 என்பது 71 ஆகி, மிகக் குறைந்த எண்ணும் 58இலிருந்து 63க்கு ஏறியிருந்தால் அது உண்மையான மாற்றம். அப்போது அந்த மாதம் எதைத் திருத்தினீர்கள் என்பதை எண்களின் பக்கத்திலேயே எழுதி வைத்து, வேகத்தை மறுபடி காணொளியில் அளந்து, அடுத்த மாதத்துக்கு உரிய குறையைத் தேர்ந்தெடுங்கள்.